ஹாட் ஸ்பேஸ்: 96 கிலோஹெர்ட்ஸில் எது கூடும், எது கூடாது

பிரிட்டிஷ் ராக் குழுவான குயினின் ரசிகர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் 'ஹாட் ஸ்பேஸ்' பேச்சை எடுத்தால் கூட்டம் உடனே இரண்டு கட்சியாகும். 1982 மே மாதம் வெளியான அந்த ஆல்பம் பிரிட்டனில் 4ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 22ஆம் இடத்தையும் தொட்டது. தோல்வி என்று சொல்லும்படியான எண்கள் அல்ல. ஆனால் அடுக்கடுக்கான கிதாரையும் கோரஸையும் எதிர்பார்த்து இசைத்தட்டை வாங்கியவர்களுக்கு முதல் பக்கம் முழுக்க டிரம் மெஷினும் சிந்தசைசர் பேஸும்தான் கிடைத்தன. அந்த ஏமாற்றம் நாற்பது ஆண்டு தாண்டியும் ஆறவில்லை.

இப்போது அதே ஆல்பம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ரீமாஸ்டராக, அதாவது பழைய டேப்பிலிருந்து மறுபடி தயாரித்த 'ஹை-ரெஸ்' (உயர் துல்லிய) கோப்பாகக் கிடைக்கிறது. அன்று காதுக்கு ஒட்டாத இசை, துல்லியம் கூடினால் ஒட்டிவிடுமா? பழைய சிடிக்கும் புதிய கோப்புக்கும் வித்தியாசம் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வித்தியாசத்துக்கும் உறையில் அச்சிட்ட 96 என்ற எண்ணுக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. வேறு எந்தக் குயின் ஆல்பத்தையும்விட இந்த ஆல்பத்தில் இதைத் தெளிவாகக் காட்டலாம். காரணம், இதில் பயன்பட்ட கருவிகள்.

மியூனிக் அடித்தளத்தில் நடந்தது

எழுபதுகளில் குயின் தன் ஆல்பம் உறைகளில் 'சிந்தசைசர் பயன்படுத்தவில்லை' என்று அச்சிட்டுப் பெருமைப்பட்ட குழு. 1980இல் வந்த 'தி கேம்' ஆல்பத்தில்தான் முதன்முதலாக ஓபர்ஹைம் சிந்தசைசர் உள்ளே நுழைந்தது. அதே ஆல்பத்தில் பேஸ் கிதார் கலைஞர் ஜான் டீக்கன் எழுதிய 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. வறண்ட டிரம், ஒற்றை பேஸ் வரி, நடுவில் நிறைய வெற்றிடம். ஒரு ராக் குழுவின் பாட்டு நடன அரங்குகளில் ஓடியது. அந்த வழியிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்று பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியும் டீக்கனும் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

பதிவு நடந்த இடங்கள் இரண்டு: மியூனிக்கில் அராபெல்லாஹவுஸ் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த மியூசிக்லேண்ட் ஸ்டுடியோ, சுவிட்சர்லாந்தில் மோந்த்ரோ நகரின் மவுண்டன் ஸ்டுடியோ. மியூசிக்லேண்டைத் தொடங்கியவர் ஜார்ஜியோ மொரோடர், டிஸ்கோவை மின்னணு இசையாக்கியவர்களில் முதல் வரிசைக்காரர். குழுவோடு சேர்ந்து தயாரித்தவர் 'மேக்' என்று எல்லோரும் அழைத்த ரைன்ஹோல்ட் மேக்.

சந்தை இருந்த நிலையையும் நினைவில் வைக்க வேண்டும். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் கலவரமாகி அன்றைய இரண்டாவது பேஸ்பால் ஆட்டமே நின்றுபோனது. அது நடந்து மூன்று ஆண்டுகூட ஆகாத நிலையில் ஒரு ராக் குழு, கிதார் அநேகமாகக் காணாமல் போன 'பாடி லாங்குவேஜ்' பாட்டை ஆல்பத்துக்குக் கட்டியமாக 1982இன் முதல் சிங்கிளாக விட்டது. அமெரிக்காவில் 11ஆம் இடம், சொந்த நாட்டில் 25ஆம் இடம். 'பேக் சாட்' பாட்டில் கிதார் சோலோ வேண்டுமா என்பதில் டீக்கனுக்கும் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மேயுக்கும் வாக்குவாதமே நடந்தது. கடைசியில் சோலோ இருக்கிறது. அந்த உரசலின் சூடு அதில் கேட்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

டிரம் மெஷினின் கூரை

'ஆக்‌ஷன் திஸ் டே' போன்ற பாடல்களில் அடிப்பது லின் எல்எம்-1. 1980இல் ரோஜர் லின் கொண்டுவந்த இந்தக் கருவிதான் நிஜ டிரம் ஒலிகளை எண்களாக்கிச் சில்லுகளில் அடைத்து வாசித்த முதல் டிரம் மெஷின். விலை ஏறத்தாழ 5,000 டாலர். நினைவகச் சில்லுகள் தங்க விலை விற்ற காலம் என்பதால் ஒவ்வோர் ஒலியையும் 8 பிட்டில், நொடிக்குச் சுமார் 28,000 மாதிரிகள் என்ற கணக்கில் சுருக்கி வைத்தார்கள். நெடுநேரம் ஒலிக்கும் கிராஷ் சிம்பல் அவ்வளவு நினைவகத்தையும் விழுங்கிவிடும். எனவே அது கருவியில் கிடையவே கிடையாது.

எண்ணியல் ஒலியின் அடிப்படை விதி ஒன்று உண்டு: மாதிரி வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் எதுவும் பதியாது. நொடிக்கு 28,000 என்றால் கூரை 14 கிலோஹெர்ட்ஸ். சாதாரண சிடியின் கூரை 22.05 கிலோஹெர்ட்ஸ். ஆக, எல்எம்-1 அடித்த தாளம் முழுவதையும் சிடியே தாராளமாகக் கொள்ளும். 48 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் தரும் 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் அந்தத் தாளத்துக்கு மேலே மாடி மாடியாகக் காலி அறைகள்தான்.

முழுக்கக் காலி என்றும் சொல்லிவிட முடியாது. எண்களிலிருந்து ஒலியைத் திருப்பி எடுக்கும்போது கூரைக்கு மேலே கண்ணாடிப் பிம்பங்கள் உண்டாகும். வடிகட்டி வைத்து அவற்றை வெட்டுவது வழக்கம். எல்எம்-1இல் பேஸ் டிரம், டாம் போன்றவற்றுக்கு வடிகட்டி உண்டு. பளிச்சென்று கேட்க வேண்டிய சில ஒலிகளுக்குக் கிடையாது. அதனால் 10 கிலோஹெர்ட்ஸில் உள்ள ஓர் ஒலிக்கு 28இலிருந்து 10 கழித்து 18இல் ஒரு பிம்பம், 10 கூட்டி 38இல் இன்னொன்று. ஹை-ஹாட்டில் கேட்கும் அந்த மணல் உரசல் பாதி இந்தப் பிம்பங்கள்தான். ஒலியின் ஸ்தாயியைக் கூட்டவோ குறைக்கவோ கருவியின் குமிழைத் திருகினால் மாதிரி வேகமே மாறும், பிம்பமும் கூடவே நகரும். ஹை-ரெஸ் கோப்பின் அதிர்வெண் படத்தில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் வெளிச்சம் தெரிந்ததும் 'பாருங்கள், சிடியில் இல்லாதது' என்று குதிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது ஒரு டிரம்மின் உயர்ந்த ஒலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, மலிவுச் சில்லின் நிழலாகவும் இருக்கலாம்.

இதில் உச்சம் 'டான்சர்' பாட்டின் கடைசி. ஜெர்மன் ஓட்டல் அறையில் விடிகாலை எழுப்பும் தொலைபேசிக் குரல் அது. தொலைபேசிக் கம்பி கடத்துவது சுமார் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரை. அந்தக் குரலை 96 கிலோஹெர்ட்ஸில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

மறுபக்கமும் உண்டு. 'ஸ்டேயிங் பவர்' பாட்டுக்கு ஆரிஃப் மார்டின் அமைத்த பித்தளை வாத்தியங்கள், குழுவின் டிரம் கலைஞர் ரோஜர் டெய்லர் கையால் அடித்த சிம்பல்கள், மனிதக் குரல்கள் எல்லாம் உயர் அதிர்வெண் நிறைந்தவை. அவற்றை முதலில் மைக் பிடிக்க வேண்டும், பிறகு டேப் பிடிக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள அனலாக் டேப் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியும் கொஞ்சம் பதியும். அதற்கு மேல் பெரும்பாலும் இரைச்சல்தான்.

பிட் கணக்கும் அப்படியே. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல். இரைச்சல் குறைப்புக் கருவி இல்லாத அனலாக் டேப்பில் ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 65 முதல் 75 டெசிபல். அதாவது 11, 12 பிட் போதும். சிடியின் 16 பிட்டே உபரி. 24 பிட் ஏன் என்றால், மாஸ்டரிங் செய்பவர் ஏற்றி இறக்கி, வடிகட்டி, திரும்பவும் ஏற்றும்போது கணக்குப் பிழை காதில் விழாமல் இருக்க. அது பட்டறைக்குத் தேவையான இடம். கேட்பவருக்கு அது எட்டுவதில்லை.

டேப்பிலிருந்து கோப்புக்கு

ரீமாஸ்டரை ரீமிக்ஸோடு குழப்பிக்கொள்வதால்தான் பாதி சண்டை. அந்தக் காலத்தில் இசைக்கருவிகளைத் தனித்தனித் தடங்களாக 2 அங்குல அகல டேப்பில் பதிவார்கள். பொதுவாக 24 தடம். அவற்றைக் கலந்து இடம், வலம் என இரண்டே தடமாக இன்னொரு டேப்பில் இறக்குவது மிக்ஸிங். அந்த இரண்டு தட டேப்பை எடுத்து ஏற்ற இறக்கம், தொனி, பாடல்களுக்கிடையே சமநிலை பார்த்து வெளியீட்டுக்குத் தயாராக்குவது மாஸ்டரிங். ரீமாஸ்டர் தொடங்குவது இந்த இரண்டு தட டேப்பில். 'பிரையன் மேயின் கிதாரைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே' என்று ரீமாஸ்டரைக் குறை சொல்வது கரைத்த சர்க்கரையைத் தண்ணீரிலிருந்து பொறுக்கச் சொல்வது மாதிரி. 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைத் தூக்கினால் கிதார் முன்னால் வரும். ஸ்னேர் டிரம்மும் மெர்க்குரியின் மெய்யெழுத்துகளும் கூடவே வந்து நிற்கும்.

குயினின் 2011 ரீமாஸ்டர் வரிசையைச் செய்தவர் பாப் லுட்விக், அமெரிக்காவின் மேய்ன் மாநிலம் போர்ட்லேண்டில் இருந்த தன் கேட்வே மாஸ்டரிங் ஸ்டுடியோவில். மூலமாக எடுத்தது முதல் தலைமுறை மிக்ஸ் டேப்புகள். இன்று ஹை-ரெஸ் கடைகளில் 'ஹாட் ஸ்பேஸ்' என்று கிடைப்பது இந்த வேலைதான்.

முதல் தலைமுறை என்ற சொல்லில்தான் சரக்கு இருக்கிறது. டேப்பை டேப்புக்குப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஏறத்தாழ 3 டெசிபல் கூடும், கூர்மையான அடிகள் சற்று மழுங்கும். போதாததற்கு, இசைத்தட்டு வெட்டுவதற்கென்று எடுத்த பிரதிகளில் ஊசி துள்ளாதபடி பேஸைக் கட்டுப்படுத்தி, மேல் ஒலியையும் அடக்கியிருப்பார்கள். எண்பதுகளில் அவசரமாக வந்த சிடிகள் பலவற்றுக்கு உலகெங்கும் இந்த மாதிரிப் பிரதிகள்தான் மூலமாயின. பழைய சிடி மெலிந்து கேட்டால் பழியை சிடியின் மேல் போடுவதற்கு முன், அதற்குள் போன டேப் எது என்று கேட்க வேண்டும்.

சரியான டேப் கிடைத்தால் மட்டும் போதாது. அதை எப்படி ஓட்டுகிறார்கள் என்பதில் கெட்டுப்போக ஐந்தாறு வழி இருக்கிறது.

முதலாவது டேப்பின் உடல்நிலை. எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகள் வரை வந்த டேப் வகைகள் சிலவற்றில், காந்தத் துகளை ஒட்டிவைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஆம்பெக்ஸ் 456 இதற்குப் பேர்போனது. அப்படியே ஓட்டினால் டேப், இயந்திரத்தின் தலையில் (டேப்பைப் படிக்கும் முனையில்) ஒட்டிக் கீச்சிடும், துகள் உரிந்து வரும். உரிந்தது இசை, திரும்பாது. மருந்து, 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காக, சில நேரம் ஒரு நாள் முழுக்க, சீரான சூட்டில் வைத்து ஈரத்தை வெளியேற்றுவது. சமையல் அடுப்பு கூடாது, சூட்டை நிலையாக வைக்கும் ஆய்வகக் கருவி வேண்டும். பலன் சில வாரங்களுக்கே நிற்கும். அதற்குள் பதிவெடுத்துவிட வேண்டும். பழைய அசிடேட் டேப்பை இப்படிச் சூடாக்கினால் அதோடு கதை முடிந்தது.

இரண்டாவது, தலையின் சாய்வு. டேப்பைப் படிக்கும் தலை டேப்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இழையளவு சாய்ந்தால்கூட இடத்துக்கும் வலத்துக்கும் நேர வித்தியாசம் வந்து, நடுவில் நிற்க வேண்டிய ஹை-ஹாட் பிசிறி, மோனோவில் கேட்கும்போது மேல் ஒலி மறையும். டேப்பின் தொடக்கத்தில் 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் எனச் சோதனை ஒலிகளைப் பதிந்து வைத்திருப்பது இதைச் சரிசெய்யத்தான். ஒரு ரீலுக்குச் சரிசெய்தது அடுத்த ரீலுக்குச் சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது. இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'அண்டர் பிரஷர்', பாடகர் டேவிட் போவியோடு 1981இல் பதிவாகி அந்த அக்டோபரிலேயே சிங்கிளாக வந்துவிட்டது. இப்படி வேறு சமயத்தில் பிறந்த பாட்டுக்குத் தனியாக ஒரு முறை பார்ப்பதே பிழையில்லாத வழி.

மூன்றாவதுதான் இந்த மாதிரி பேஸ் ஆல்பத்துக்கு உயிர்நாடி. டேப்பில் பதியும்போது ஒரு வளைவின்படி மேல், கீழ் ஒலிகளை மாற்றிப் பதிந்து, திருப்பும்போது எதிர்வளைவால் சமன் செய்வார்கள். ஐரோப்பிய ஸ்டுடியோக்களில் ஐஇசி வளைவு, அமெரிக்காவில் என்ஏபி வளைவு வழக்கம். வளைவு எங்கே திரும்புகிறது என்பதை மைக்ரோநொடியில் குறிப்பார்கள்: நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஐஇசிக்கு 35 மைக்ரோநொடி, என்ஏபிக்கு 50 மைக்ரோநொடி. கீழ்ப் பக்கத்தில் என்ஏபிக்குக் கூடுதலாக 3,180 மைக்ரோநொடி. ஐஇசி டேப்பைத் தெரியாமல் என்ஏபி அமைப்பில் ஓட்டினால் என்ன ஆகும்? 50 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறையும், அதற்குக் கீழே இன்னும் வேகமாகச் சரியும். மேல் ஒலி 3 டெசிபல் வரை உயரும். கேட்பவர் 'அடடா, எவ்வளவு தெளிவு' என்பார். கீழே ஓபர்ஹைம் பேஸின் அடிவயிறு காணாமல் போயிருக்கும். கிதார் ஆல்பத்தில் இந்தத் தவறு ஓரளவு மறைந்துபோகும். 'பாடி லாங்குவேஜ்' போன்ற பாட்டில் பாட்டின் பாதியே போய்விடும்.

இது தவிர, இரைச்சல் குறைப்புக் கருவியில் பதிந்த டேப் என்றால் அதே வகைக் கருவியை அதே அளவில் வைத்துத்தான் திருப்ப வேண்டும். டேப் இயந்திரத் தலையின் வடிவத்தைப் பொறுத்துக் கீழ்ஸ்தாயியில் ஒரு சிறு மேடும் வரும். இயந்திரத்துக்கு இயந்திரம் அது இடம் மாறும். இரண்டு நேர்மையான ரீமாஸ்டர்களில் பேஸ் வேறு வேறு மாதிரி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெற்றிடத்தைக் காப்பாற்றுவது

இத்தனையும் சரியாகச் செய்து, கடைசியில் லிமிட்டர் என்ற, உச்சச் சத்தத்தை வெட்டும் கருவியைப் போட்டு அமுக்கினால் எல்லாம் வீண்.

நடன இசையின் உயிர் அடியில் பாதி, அடிக்கும் அடிக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பாதி. 'பேக் சாட்' பாட்டில் டிரம் அடித்து, கிதார் நறுக்கென்று ஒரு வெட்டு வெட்டி, பிறகு ஒரு கணம் ஒன்றுமே இருக்காது. ஆல்பத்தின் பெயரில் உள்ள 'வெளி' இதுதான். லிமிட்டர் உச்சங்களை 4, 5 டெசிபல் தட்டிவிட்டு மொத்தத்தையும் தூக்கும்போது அடியின் முனை மழுங்கும். இடைவெளியில் படுத்திருந்த எதிரொலியும் டேப் இரைச்சலும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். கடையில் இரண்டு நொடி கேட்டால் இதுதான் கம்பீரமாகத் தெரியும். நாலு பாட்டு கேட்டால் காது சலித்துவிடும். 'ஹாட் ஸ்பேஸ் தட்டையான ஆல்பம்' என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இப்படி அமுக்கிய பதிப்பு ஒன்று சாட்சி சொன்னால் மறுக்க முடியாது.

ஒரு டெசிபல் சத்தம் கூடினாலே மனிதக் காது அதைச் சத்தம் என்று உணராமல் 'நன்றாக இருக்கிறது' என்று உணரும். ரீமாஸ்டர் விவாதங்களில் முக்கால்வாசி இந்தக் குழியில் விழுந்தவை. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருகின்றன. அங்கே கேட்கும்போது அமுக்கிய பதிப்பின் சத்தச் சலுகை பறிபோய், மழுங்கல் மட்டும் மிஞ்சும்.

தட்டில் வரும்போது

2015இல் குயினின் 15 ஸ்டுடியோ ஆல்பங்கள் 18 வண்ணத் தட்டுகளாக ஒரே பெட்டியில் வந்தன. மூலம் லுட்விக்கின் ரீமாஸ்டர். வெட்டியவர் அபே ரோட்டில் மைல்ஸ் ஷோவெல், அரைவேக முறையில். ஒலிக்கோப்பையும் வெட்டும் இயந்திரத்தையும் பாதி வேகத்தில் ஓட்டுவது இந்த முறை. 33⅓ சுற்று 16⅔ ஆகும், 20 கிலோஹெர்ட்ஸ் ஒலி வெட்டும் தலைக்கு 10 கிலோஹெர்ட்ஸாகத்தான் தெரியும். மேல் ஒலி சுலபமாக, சுத்தமாக விழும். விலையும் உண்டு: 40 ஹெர்ட்ஸ் பேஸ் 20 ஹெர்ட்ஸாகிவிடும், அவ்வளவு கீழே இயந்திரம் துல்லியமாக நடக்க வேண்டும். 'ஸ்' ஒலியை அடக்கும் கருவியை வெட்டும்போதே போட முடியாது, முன்கூட்டியே கோப்பில் செய்துவைக்க வேண்டும்.

தட்டுக்கென்று ஓர் எல்லையும் இருக்கிறது. மொத்த ஆல்பம் 43 நிமிடத்துக்கு மேல், அதாவது பக்கத்துக்கு 21, 22 நிமிடம். இவ்வளவு நீளத்துக்குப் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். பேஸுக்கோ அகலமான பள்ளம் வேண்டும். எண்பதுகளில் நடனப் பாட்டுகளை 12 அங்குலத் தட்டில் ஒரே பாட்டாக, அகலப் பள்ளமாக வெட்டி விற்றதன் காரணம் இந்தக் கணக்குத்தான். 'பேக் சாட்' கூட அப்படி வந்தது. முழு ஆல்பத் தட்டில் அதே அடி வயிற்றில் இறங்குவதில்லை என்றால் அது வெட்டியவர் குற்றமல்ல.

வீட்டில் சோதிப்பது

பழைய சிடியையும் ஹை-ரெஸ் கோப்பையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு '96 கிலோஹெர்ட்ஸின் மகிமை' என்று முடிவுகட்டுவது தப்பு. அங்கே மாறியிருப்பது டேப், வளைவு, தொனி, சத்தம் எல்லாமும். எண்ணின் பங்கை மட்டும் அறிய வேண்டுமானால் ஹை-ரெஸ் கோப்பையே எடுத்து, சாக்ஸ் போன்ற நல்ல மென்பொருளால் டிதர் (பிட் குறையும்போது வரும் பிழையை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) சேர்த்து 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். இப்போது இரண்டுக்கும் மாஸ்டரிங் ஒன்று, எண் மட்டும் வேறு. ஃபூபார்2000 மென்பொருளில் ஏபிஎக்ஸ் சோதனைச் செருகியைப் போட்டு, எது எது என்று தெரியாமல் 16 முறை கேளுங்கள். 12 முறையாவது சரியாகச் சொன்னால்தான் கணக்கில் சேரும். குருட்டாம்போக்கில் அவ்வளவு சரியாக வருவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு நாலுக்கும் குறைவு. இறக்கிய கோப்பை மறுபடி 96க்கு ஏற்றிவைத்து ஒப்பிடுவது நல்லது. இல்லாவிட்டால் மாறும்போது, எண்களை ஒலியாக்கும் டிஏசி கருவி போடும் சின்ன 'டிக்' சத்தமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மாஸ்டரிங் வேறுபாட்டை ஒப்பிடுவதானால், முதல் வேலை சத்தத்தைச் சமன் செய்வது. ரீப்ளேகெயின் (சராசரிச் சத்த அளவு) கணக்கிட்டு, வித்தியாசம் 0.2 டெசிபலுக்குள் வரும்படி வைத்த பிறகே வாய் திறக்க வேண்டும். கேட்க வேண்டிய இடம் மேலே அல்ல, கீழே: பேஸ் ஸ்வரம் எவ்வளவு சுத்தமாக முடிகிறது, அடுத்த அடிக்கு முன் எவ்வளவு அமைதி.

கோப்பு உண்மையான ஹை-ரெஸ்தானா என்று பார்க்க ஸ்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். 22 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல் படம் நின்றால் அது சிடியை ஊதிப் பெருக்கியது. 16 கிலோஹெர்ட்ஸில் நின்றால் எம்பி3 கலப்படம் என்று சந்தேகிக்கலாம். அனலாக் டேப்பிலிருந்து வந்தது என்றால் ஒலி மெல்ல மங்கி, மேலே மூட்டமாக டேப் இரைச்சல் பரவியிருக்கும். ஏற்ற இறக்கத்தை ஒற்றை எண்ணாகக் காட்டும் டிஆர் மீட்டரைத் தட்டிலிருந்து எடுத்த பதிவுக்குப் பயன்படுத்துபவர்கள் உஷாராக இருக்க வேண்டும். ஊசி படிக்கும்போது உச்சங்கள் இடம்மாறி உயர்வதால், அமுக்கிய மாஸ்டர்கூட அங்கே சில எண் கூடுதலாகக் காட்டும்.

கேட்கும் கருவியும் முக்கியம். புளூடூத்தில் 96 கிலோஹெர்ட்ஸ் முழுதாகப் போகாது. எல்டாக் என்ற புளூடூத் சுருக்க முறையில் நொடிக்கு அதிகபட்சம் 990 கிலோபிட், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸின் சுருக்காத ஓட்டமோ 4,608 கிலோபிட். ஐபோனில் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டுமானால் வெளியே ஒரு டிஏசி தேவை. ஆண்ட்ராய்டில் பல செயலிகள் எதைக் கொடுத்தாலும் 48க்கு மாற்றித்தான் வெளியே விடுகின்றன. இந்த ஆல்பம் சுருக்காமல் சிடி தரத்தில் சுமார் 460 எம்பி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் 1.5 ஜிபி.

எதை வாங்குவது

2011 ரீமாஸ்டரின் சிடி கையில் இருப்பவருக்கு அதன் ஹை-ரெஸ் கோப்பு புதிதாக எதையும் சொல்லாது, மாஸ்டரிங் ஒன்றே. பழைய சிடியிலிருந்து வருபவருக்கு 2011 நிச்சயம் வேறு அனுபவம், சிடியாக வாங்கினாலும் சரி. 1991இல் ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட அமெரிக்கப் பதிப்பு இன்னும் பழைய சிடி கடைகளில் கிடைக்கும். அதில் கூடுதலாக உள்ள 'பாடி லாங்குவேஜ்' ரீமிக்ஸுக்காகத் தேடுபவர்கள் உண்டு.

காணொளிப் பக்கம் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. 1982 ஜூன் 5 அன்று மில்டன் கீன்ஸ் மைதானத்தில் நடந்த கச்சேரி இந்த ஆல்பத்தைக் காப்பாற்ற வந்த வக்கீல் மாதிரி. அங்கே கூடுதலாக ஒரு கீபோர்டு கலைஞரை வைத்துக்கொண்டு, டெய்லர் நிஜ டிரம் அடிக்க, மே கிதாரைக் கொட்ட, 'ஸ்டேயிங் பவர்' ராக் பாட்டாகவே மாறிவிடுகிறது. ஆனால் அது தொலைக்காட்சிக்காக வீடியோ டேப்பில் எடுத்தது. 576 வரிக்கு மேல் படத்தில் ஒன்றும் கிடையாது. திரைப்படச் சுருளில் எடுத்திருந்தால் மூலச் சுருளை மறுபடி ஸ்கேன் செய்து 4கே எடுக்கலாம். வீடியோ டேப்பில் எடுத்ததை எவ்வளவு பெருக்கினாலும் மென்பொருள் யூகித்த தோல்தான் முகத்தில் தெரியும். அதில் ஒலியை மட்டும் கேட்பதே சுகம்.

ஆல்பம் பிடிக்காத கட்சிக்காரருக்கு ஒரே ஒரு யோசனை. ஹை-ரெஸ் கோப்புக்குக் கொடுக்கும் காசில், 2011 இரட்டை சிடி பதிப்பின் இரண்டாம் தட்டைத் தேடுங்கள். அதில் 'பேக் சாட்' சிங்கிள் ரீமிக்ஸ் இருக்கிறது. தடங்களை மறுபடி கலந்து செய்தது, ஆகவே வேறுபாடு முதல் நான்கு அடியிலேயே காதில் விழும். 'கூல் கேட்' பாட்டில் போவி பாடிய பின்னணிக் குரலைக் கேட்க ஆசைப்படுபவர்களுக்கு அந்த வழியும் அடைப்பு: வெளியீட்டுக்கு முன் அவரே எடுத்துவிடச் சொல்லி எடுத்தாயிற்று. மாதிரிக்காக அச்சிட்ட சில ஆரம்பத் தட்டுகளில் தப்பிய அந்தக் குரல் இன்றுவரை கள்ளப் பிரதிகளில்தான் சுற்றுகிறது, கரகரப்போடு.